பனியின்மேல் ஒரு வாடி

கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக இரு நீர்ப்பரப்புகளுக்கிடையே ஒடுங்கிக் கிடக்கும் தேற்றாத்தீவிலே பிறந்தவனுக்கு, எழுத்தறிவிக்கப்படுமுன்னரே அறிவிக்கப்படும் சட்டம் ஒன்று உண்டு: கடல் பெரியவர்களுடையது, ஆறு பிள்ளைகளுடையது. வடக்கே பாலமீன்மடுவிலும் தெற்கே கல்லாற்றிலும் கடலுக்கு வாய் திறந்து, ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்கு எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரித்துக்கொண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியை எங்களூரார் ஆறு என்றே வழங்குவர். அது ஆழமற்றது, மாரிவெள்ளம் வடிந்து நீர் தெளிந்த மாதங்களில், கரையிலிருந்து வெகுதூரம் நடந்துபோன பிறகும் ஒரு சிறுவனுடைய மார்பளவுக்கு மேல் தண்ணீர் ஏறாத இடங்கள் அதில் பல உண்டு. கடலுக்குப் போகிறேன் என்று சொன்னால் பூவரசங்கம்பைத் தேடும் தாய்மார், ஆற்றுக்குப் போகிறேன் என்றால், "முதலை கிதலை பாத்துப் போ மனே" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

என் அம்மப்பா அந்த ஆற்றில் இறால் பிடித்தவர். அது அவருடைய தொழிலன்று. படுவான்கரையில் வயலும், வீட்டு வளவில் சிறிய வெற்றிலைத் தோட்டமும் வைத்திருந்த கமக்காரர் அவர். ஆயினும், வேளாண்மை வெட்டிச் சூடும் அடித்து முடிந்த பின்னர் கையைக் கட்டிக்கொண்டு திண்ணையில் இருக்க அவருடைய மனம் சம்மதிப்பதில்லை. அத்தாங்கையும் வீச்சுவலையையும் எடுத்துத் தோணியில் ஏற்றுவார். பேரப்பிள்ளைகளாகிய எங்களில் ஒருவரையோ இருவரையோ அவற்றோடு சேர்த்து ஏற்றுவார். நாங்கள் அவருக்கு உதவி செய்தவர்கள் அல்லோம். உதவுவோம் என்று அவர் எதிர்பார்த்ததுமில்லை. இராத்திரியில் வலை வீசும்போது பிள்ளைகளின் பேச்சுக்குரல் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது மாத்திரமே அவருடைய ஆசை. அந்த ஆசையின் பொருட்டு அவர் செய்துகொண்ட ஓர் ஏற்பாட்டைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில், பின்னொரு காலத்தில், பூமியின் மறுபுறத்தில், அவர் கனவிலும் கண்டிராத ஒரு பொருளைத் தெரிந்து வாங்குகிற சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தபோது, கடைக்காரருடைய உபதேசத்தைவிட அதுவே எனக்கு உதவிற்று.

அந்த ஏற்பாடு இரண்டு கிடுகுத் தட்டிகள். கிடுகைத் தெரிவதிலேயே அவருடைய பரீட்சை ஆரம்பமாகிவிடும். பின்னி உலர்ந்த ஒவ்வொரு கிடுகையும் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்து, பொட்டுப் பொட்டாக வெளிச்சம் கசிவதை வேலிக்கென்று ஒதுக்கிவிட்டு, ஒளி புகாததை மாத்திரம் எடுத்து, காட்டுத்தடிச் சட்டத்தில் ஒன்றன்மேலொன்று நன்றாகப் படியும்படி அடுக்கி, தும்புக்கயிற்றால் இறுக்கிக் கட்டுவார். இரண்டு தட்டிகளின் மேல்விளிம்புகளும் கயிற்றாலே பிணைக்கப்பட்டிருக்கும். தோணியிலே கிடக்கும்போது மடிந்து கிடக்கும். மணற்றிட்டு ஒன்றைக் கண்டு தோணியைக் கட்டியதும், விரித்த புத்தகத்தைக் கவிழ்த்துவைத்தாற்போல அதைத் தூக்கி நிறுத்திவிடுவார். நாங்கள் இறங்கிக் காற்சேற்றைக் கழுவி முடிப்பதற்குள் எங்களுக்கு ஒரு வாடி எழுந்துவிடும்.

எழுப்பியதோடு அவருடைய வேலை முடிந்துவிடாது. கச்சான் வீசும் மாதமாயின் ஒரு தட்டியின் முதுகு மேற்கே இருக்கும். வாடை வீசும் மாதமாயின் வடகிழக்கே இருக்கும். காற்று வரும் பக்கத்துத் தட்டியின் அடியிலே காலால் மணலைத் தள்ளி அணைத்து இடைவெளி தெரியாமல் மூடுவார். எதிர்ப்பக்கத்துத் தட்டியின் அடியையோ, இரண்டு கட்டைகளின் மேல் ஏற்றி, ஒரு சாண் உயர்த்தி வைப்பார். அந்த ஒரு சாண் வழியாகக் குளிர் வருகிறதே, அதையும் மூடினால் என்ன என்று நான் கேட்டதற்கு, "மனே, காத்த முழுக்க மறிக்கப் போனா அது தட்டியோட உன்னயும் கொண்டு போகும். கொஞ்சம் வழி விடு, தன்ட பாட்டுல போயிரும்" என்றார். உள்ளே பன்பாய் ஒன்று விரிக்கப்படும். அரிக்கன் லாம்பு உள்ளே வரக்கூடாது. அது வாசலுக்கு வெளியே ஒரு தடியில் தொங்கும். வாசலோ, எத்திசையில் நிலவு எறித்தாலும், எத்திசையில் காட்சி நன்றாயிருந்தாலும், அவர் வலை வீசும் பக்கத்தையே நோக்கியிருக்கும். "நான் புள்ளையக் காணணும், புள்ள என்னயும் காணணும்" என்பது அவர் வகுத்த நியதி. அத்தாங்கை அவர் தூக்கும்போது, லாம்பு வெளிச்சத்தில் இறாலின் கண்கள் செந்நிறமாக மின்னுவதைப் பாயிற் படுத்தபடியே நாங்கள் பார்ப்போம்.

இவ்வளவிலும் என்னை இன்றைக்கும் யோசிக்கவைப்பது அந்த வாடியின் பருமன். ஒரு மனிதரும் இரண்டு சிறுவரும் ஒதுங்குவதற்கு அதிற் பாதி போதும். அதைத் தோணியில் ஏற்றுகிற ஒவ்வொரு தடவையும் அம்மம்மா, இவ்வளவு பாரத்தை ஏன் சுமக்கவேண்டும் என்று முறையிடுவார். அவரோ சிரித்துக்கொண்டு, "ஒடுங்கின வாடிக்குள்ள புள்ள தங்காது கா" என்று மறுமொழி சொல்லித் தோணியைத் தள்ளுவார். 1957 டிசம்பரில் வந்த பெருவெள்ளத்தின்போது, வீட்டுக்குள் தண்ணீர் ஏறி, நாங்கள் மேட்டுநிலத்தைத் தேடிப் போயிருந்த நாட்களில், அயல்வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து எங்கள் எல்லோரையும் அந்தத் தட்டிகள் கொண்டன. அதற்குப் பிறகு அம்மம்மா பாரத்தைப் பற்றிப் பேசியதாக எனக்கு ஞாபகமில்லை.

நான் வளர்ந்து விஞ்ஞான ஆசிரியனானேன். நீர் 4 பாகை செல்சியஸில் மிகுந்த அடர்த்தி உடையது என்றும், உறையும்போது அதன் கனவளவு ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு பெருகும் என்றும், ஆதலின் பனிக்கட்டி மிதக்கும் என்றும், குளிர்தேசத்து ஏரிகள் மேலிருந்து கீழ்நோக்கி உறைவதனாலே அடியில் மீன்கள் உயிர்வாழ்கின்றன என்றும், கச்சான் காற்றில் கரும்பலகையே சுடுகிற வகுப்பறைகளில் நின்று பல வருஷகாலம் போதித்தேன். "சேர், நீங்க கண்டிருக்கீங்களா?" என்று பின்வாங்கிலிருந்து ஒருவன் தவறாமற் கேட்பான். மீன் ஏற்றும் லொறிகளுக்காக மரத்தூளில் புதைத்துவைத்திருக்கும் ஐஸ்கட்டியைத் தவிர வேறெதையும் நானும் கண்டதில்லை என்பதை மறைக்காமற் சொல்வேன். 1978 நவம்பர் 23ஆந் திகதி இரவு சூறாவளி மட்டக்களப்பின்மேல் வந்து, கூரைகளையும் தென்னைகளையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு போயிற்று. எண்பதுகளின் கடைசியில் நான் தேசத்தை விட்டுப் புறப்பட்டேன். அந்தக் கதை எங்களவர் அனைவருக்கும் தெரிந்த கதை, இங்கே வேண்டியதில்லை.

கனடாவிலே ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் குடியிருப்பவர்களுக்கு, 404ஆம் நெடுஞ்சாலை வழியே ஏறத்தாழ ஒரு மணிநேரம் வடக்கே போனால், 700 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்புடைய சிம்கோ ஏரி எதிர்ப்படும். கோடையில் அது வெறும் ஏரி. ஜனவரியில், ஆழங்குறைந்த அதன் தென்கோடியாகிய குக்ஸ் குடாவில் பனி முதலிற் பிடித்து, பின்னர் பரந்து, ஒரு கிராமமே அதன்மீது குடியேறிவிடுகிறது. மரத்தாற் செய்த குடில்கள், அவற்றின் சுவர்களில் இலக்கங்கள், புகைபோக்கிகள், இடையிடையே சிவப்பும் நீலமுமான துணிக்கூடாரங்கள், குறுக்கும் நெடுக்கும் ஓடும் பனிவண்டிகள். பனிக்கட்டி மிதக்கும் என்று படிப்பித்தவன், அதன்மேல் முதன்முறை காலை வைத்தபோது, அந்தப் பாடத்தை ஒரு வரி பிசகாமல் மனத்துக்குள் ஒப்புவித்துக்கொண்டே நடந்தேன் என்பதைச் சொல்ல வெட்கப்படவில்லை. பாதிவழியில் ஒரு குடிலுக்குள்ளிருந்து, "டேய், விடாத, இழு" என்று சுத்தமான தமிழிற் குரல் வந்தது. அதற்குப் பிறகு நடை சற்றுத் தைரியமாயிற்று.

என் மகளுடைய பிள்ளைகள் இருவர். மூத்தவள் ஒன்பது வயதுக்காரி, இளையவன் ஐந்து. முதற் பனிக்காலத்தில் நாங்கள் வாடகைக் குடிலில் இருந்தோம். அது சௌகரியமானதே. பொம்பார்டியர் என்னும் பழைய மாதிரிப் பனிவண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்குவார்கள், துளைகள் முன்னரே இடப்பட்டிருக்கும், அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். ஆனால், வண்டி திரும்பி வரும் நேரம் வண்டிக்காரருடைய கையில் இருந்தது; ஐந்து வயதுப் பிள்ளைக்கு வீட்டு ஞாபகம் வரும் நேரமோ ஒருவருடைய கையிலும் இல்லை. ஆகவே நமக்கென்று ஒரு குடில் வேண்டும், அது மடித்துக் காரில் வைக்கக்கூடியதாயும் நினைத்த நேரத்தில் கழற்றக்கூடியதாயும் இருக்கவேண்டும் என்று குடும்பசபையில் தீர்மானமாயிற்று.

இத்தகைய கூடாரங்களில் பிரதானமாக இரண்டு ஜாதிகள் உண்டு. ஒன்று, சறுக்குத்தொட்டி ஒன்றின்மேல் ஆசனங்களும் வளைந்த கம்பிகளும் பொருத்தப்பட்டு, இருந்த இருப்பிலேயே துணியைத் தலைக்குமேல் இழுத்துக் கவிழ்த்துக்கொள்வது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தவரான டேவ் ஜென்ஸ் என்னும் தூண்டிற்காரர் 1980களில் பிரபலப்படுத்திய முறை இது. மீன் இல்லாத துளையை விட்டுவிட்டு அடுத்த துளைக்குச் சறுக்கிக்கொண்டு போகலாம் என்பது அதன் மேன்மை. மற்றது, நான்கு சுவர்களின் நடுவிலும் கூரையின் நடுவிலும் கம்பிகள் கூடும் முடிச்சு ஒன்று இருக்க, அதைப் பிடித்து வெளியே இழுத்ததும் சுவர் விறைத்து நிற்கும் பெட்டிக்கூடாரம். மடித்தால் நீண்ட பை ஒன்றுக்குள் அடங்கிவிடும். கிளாம், எஸ்கிமோ, ஒட்டர் என்று இவற்றைச் செய்யும் கம்பெனிகள் பல. ஒவ்வொன்றிலும் இரண்டு ஜாதியும் உண்டு.

கடையில் எங்களைக் கவனித்த வாலிபர் தொழில் தெரிந்தவர்; அதனாலேயே முதல் ஜாதியை வற்புறுத்தினார். ஒரு நாளில் எத்தனை துளை மாறலாம், எவ்வளவு விரைவில் மாறலாம் என்று அவர் விவரித்தபோது, என் மருமகனுடைய முகம் மலர்ந்ததைக் கண்டேன். "மாமா, இதுதான் சரி, பாரமும் குறைவு" என்றார் அவர். நான் மறுமொழி சொல்லாமல், அங்கே காட்சிக்கு விரித்து வைத்திருந்த அந்தக் கூடாரத்துக்குள் பிள்ளைகள் இருவரையும் இருத்தி, துணியைக் கவிழ்த்துவிட்டுச் சும்மா நின்றேன். உள்ளே சிறிது நேரம் சிரிப்பு. பிறகு முழங்கை இடிபட்ட வழக்கு. பிறகு, "அம்மப்பா, எழும்பி நிக்க ஏலாது" என்று ஒரு மனு. இருவரையும் அடுத்திருந்த பெட்டிக்கூடாரத்துக்குள் மாற்றினேன். அங்கே நின்றார்கள், குதித்தார்கள், மூலையிலிருந்து மூலைக்குப் போனார்கள். வெளியே வரும்படி தாய் அழைத்தபோது வரமாட்டோம் என்றார்கள். வழக்குத் தீர்ந்தது.

மீனைத் தேடிப் போகிறவனுக்கு இலகுவாக நகரும் கூடாரமே உத்தமம் என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. பிள்ளையோடு போகிறவனுடைய பிரச்சினை வேறு. அவன் மீனைப் பின்தொடர்ந்து போகப்போவதில்லை. மீன் வரும்வரை பிள்ளையை இருக்கவைக்கவேண்டும். கம்பெனிக்காரர் 'நால்வருக்கு' என்று எழுதினால், தோளோடு தோள் முட்டிக்கொண்டு வாளியின்மேல் அசையாமல் இருக்கக்கூடிய நால்வருக்கு என்று பொருள் கொள்ளவேண்டும். அப்படி இருக்கும் பிள்ளையை நான் எந்த வகுப்பிலும் கண்டதில்லை. எங்கள் நால்வருக்காக ஆறுபேர்க் கூடாரத்தையே வாங்கினோம். பக்கத்துக்கு ஏறக்குறைய 8 அடி. உயரம் ஒரு வளர்ந்த மனிதர் நிமிர்ந்து நிற்கப் போதுமானது. பாரம் அதிகந்தான். அதைப் பற்றி மருமகன் முறையிட்டபோது எனக்கு அம்மம்மாவின் குரலே கேட்டது.

துணியைத் தெரிவதிலும் யோசனை வேண்டும். ஒற்றைத் துணியாலான கூடாரம் மலிவு; ஆனால் உள்ளே அடுப்பு எரிந்து நால்வர் மூச்சுவிடத் தொடங்கினால், அந்த ஈரம் துணியின் உட்புறத்தில் வியர்வையாகப் படிந்து, கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பிள்ளையின் பிடரியில் விழும். நடுவே பஞ்சு வைத்துத் தைத்த துணியில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும், சூடும் நிற்கும். அதன் உட்புறம் கறுப்பாயிருக்கும். கறுப்பு, துளைக்குள் உற்றுப் பார்ப்பதற்கு நல்லது, ஏனெனில் வெளிச்சம் மேலிருந்து அன்றிப் பனியினூடாகக் கீழிருந்து வருவதாகத் தோன்றி, நீர் பச்சையாய் ஒளிவிடும். ஆனால் சிறு பிள்ளைக்கு இருட்டறை. ஆகையால் யன்னல்கள் பெரியனவாகவும், திரையை வேண்டியபோது நீக்கக்கூடியனவாகவும் உள்ள ஒன்றைத் தேடினோம். வெளிநிறம் சிவப்பு; வெண்பரப்பிலே சிறிது தூரம் ஓடிவிட்ட பிள்ளை திரும்பிப் பார்த்தால் தன் வீடு இன்னதென்று அறியவேண்டுமல்லவா?

கதவின் சிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தடித்த கையுறை அணிந்த ஐந்து வயதுக் கை, அந்தச் சின்ன உலோகத்துண்டைப் பிடிக்கமாட்டாது. என் மகள் அதிலே ஒரு சாண் நீளமான மஞ்சள் நாடாவைக் கட்டி, உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் இளையவன் தானாகத் திறந்து மூடும்வரை வீட்டு முற்றத்தில் வைத்துப் பழக்கினாள். இவ்வளவு விலைகொடுத்து வாங்கிய பொருளிலே எனக்கு மிகவும் பிடித்த பாகம் அந்த நாடாதான்.

இனி ஏரிக்கு வருவோம். கூடாரத்துக்கு முன்னர் பனியைப் பார்க்கவேண்டும். தெளிந்த நீலப்பனி 15 சென்ரிமீற்றர் தடித்திருந்தால் ஒருவர் தனியே நடக்கலாம் என்றும், பலர் கூடுவதானால் 20 சென்ரிமீற்றர் வேண்டும் என்றும் கனடாவின் செஞ்சிலுவைச் சங்கத்தார் சொல்வர். பால்நிறமான பனிக்கு அதிற் பாதிப் பலமே உண்டென்று கொள்ளவேண்டும். மருமகன் அலவாங்கால் குத்திக் குத்தி முன்னே நடப்பார். அவர் நின்ற பிறகே பிள்ளைகள் நடப்பர். இந்த ஒழுங்கில் எங்கள் வீட்டில் விட்டுக்கொடுப்புக் கிடையாது.

காற்றடிக்கும் நாளில் பெட்டிக்கூடாரத்தை விரிப்பது ஒரு வித்தை. பையிலிருந்து எடுத்ததும் சுவர்களை இழுத்துவிட்டால், ஒரு நொடியில் அது ஏரியின் மறுகரைக்குப் பிரயாணமாகிவிடும். அப்படி ஒன்று உருண்டு போவதையும், அதன் பின்னால் இருவர் ஓடுவதையும் கண்டிருக்கிறோம். மடிந்து கிடக்கும்போதே, காற்று வரும் பக்கத்து அடியைத் திருகாணி ஆணிகளால் பனியிற் பூட்டிவிட்டு, அதன் பின்னரே முதற் சுவரை இழுக்கவேண்டும். பிறகு நான்கு மூலைகள், பிறகு சுவர்முடிச்சுகளிலிருந்து இழுகயிறுகள். 1978ஆம் ஆண்டு நவம்பர் இரவிலே கூரை பிரிந்து போகும் ஓசையைக் கேட்டவனுக்கு, இழுகயிறு அவசியமா என்று விவாதிக்கும் பொறுமை இராது. கூடாரத்தின் அடியைச் சுற்றி ஒரு துணிப்பாவாடை இருக்கும். அதன்மேல் பனியைத் தள்ளி அணைக்கவேண்டும். அந்த வேலையை நான் எவருக்கும் கொடுப்பதில்லை. மணற்றிட்டில் அம்மப்பா காலால் மணல் அணைத்ததைப் பார்த்திருந்த எனக்கு, அதை எப்படிச் செய்வதென்று ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஆனால் நான்கு பக்கமும் அணைத்து, யன்னலையும் மூடி, உள்ளே அடுப்பையும் ஏற்றுவது விஷப்பரீட்சை. பிரொப்பேன் வாயுவில் எரியும் அடுப்பு, பிராணவாயு குறைந்தால் தானாக அணைந்துபோகும் கருவியுடையதாயிருக்கவேண்டும்; அதுவும் போதாது. அரைகுறையாக எரியும் எதுவும் காபனோரொட்சைட்டைத் தரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஈமோகுளோபினோடு ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேலான நாட்டத்துடன் அது பிணைந்துகொள்ளும். பிள்ளை தூங்கிவிட்டது என்று நாம் எண்ணிக்கொண்டிருப்போம். எங்கள் கூடாரத்தில் மேலே இரண்டு காற்றுவாய்கள் உண்டு. அவை எந்நேரமும் திறந்தே இருக்கும். எதிர்ப்பக்கத்துப் பாவாடையும் ஓரிடத்தில் அணைக்கப்படாமல் இருக்கும். பற்றரியில் இயங்கும் எச்சரிக்கைமணி, பிள்ளை உட்காரும் உயரத்தில் தொங்கும். குளிர் வருகிறதே என்று பேத்தி அந்த இடைவெளியைக் காட்டிக் கேட்டாள். அதற்கு உரிய மறுமொழி என்னிடம் நெடுங்காலமாகவே தயாராயிருந்தது.

துளைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். துளைகருவியால் இடும் 8 அங்குலத் துளை பெரியவனுக்கு ஒரு துளை. சிறுவனுடைய சப்பாத்துக்கு அது ஒரு கிணறு. ஆகவே ஒரு பிள்ளைக்கு ஒரு துளைதான். மற்றவற்றின்மேல் வாளி கவிழ்ந்திருக்கும். தரை முழுவதையும் மூடும் விரிப்பு துளையருகே நீர் தேங்கி வழுக்குமாதலால், கடையில் தந்த விரிப்பை விட்டுவிட்டு, பிள்ளைகள் விளையாடுவதற்கு விற்கும் றப்பர் நுரைப் பலகைகளை அவர்கள் இருக்கும் இடத்தில் மாத்திரம் பொருத்திவைப்போம்.

இத்தனை ஆயத்தத்துக்கும் பிறகு இளையவன் தூண்டிலைப் பிடித்திருப்பது வெகு சொற்ப நேரமே. பிறகு வெளியே ஓடுவான், பனியிற் புரள்வான், மஞ்சள் நாடாவை இழுத்து உள்ளே வருவான், சுடச்சுட மைலோ குடிப்பான், மறுபடி ஓடுவான். மூத்தவள் அப்படியல்லள். ஒரு நாள் அவள் துளையின்மேற் குனிந்து அசையாதிருந்தவள், மூச்சை அடக்கி, "அம்மப்பா, வருது" என்றாள். கீழே, பச்சை வெளிச்சத்தில், ஒரு பேர்ச் மீன் இரையின் முன்னால் வந்து நின்று, முகர்ந்து, விலகி, மீண்டும் வந்தது. குட்டைத் தூண்டிலின் நுனி சிறிதே வளைந்தது. மேலே வந்த மீனோ உள்ளங்கை நீளந்தான்: பொன்பச்சை உடம்பில் கரிய பட்டைகள், வயிற்றுச் செட்டைகள் செம்மஞ்சள். வெளியே பனியில் வைத்த சிறிது நேரத்துக்குள் அது தடிபோல் விறைத்துவிட்டது. அன்றிரவு அவளுடைய தாய் அதையும் கூட்டாளிகளையும் தேங்காய்ப்பாலில் பாலாணம் காய்ச்சினாள். எங்கள் ஆற்று மீனின் ருசி அதற்கு இல்லை. முள் குறைவு என்ற நற்குணம் உண்டு.

சில வருஷங்களுக்கு முன் ஊருக்குப் போயிருந்தபோது, வயது முதிர்ந்த உறவுக்காரி ஒருவருக்குத் தொலைபேசியில் இந்தக் கூடாரத்தின் படத்தைக் காட்டினேன். கொம்புச்சந்திப் பிள்ளையாருக்குப் பொங்கிவிட்டு வந்திருந்தவர், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "வாடியெண்டா வாடிதான். அதுக்குக் கீழ என்ன, தண்ணியா?" என்றார். ஆமென்றேன். "அதுக்கு மேலயா புள்ளையளக் கூட்டிப் போறீங்க?" என்று கேட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார். 4 பாகை செல்சியஸ் பற்றிய பாடத்தை அவரிடம் நான் ஆரம்பிக்கவில்லை. ஆற்றங்கரையில் இப்போது கிடுகுத் தட்டி காணக்கிடையாது. தறப்பாளை நான்கு தடியிற் கட்டிக்கொள்கிறார்கள். அது மழையை மறிக்கும். வெயிலில் உள்ளே இருக்க முடியாது. கிடுகின் குணம் அதற்கு வராது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஒன்ராறியோவில் இருக்கும் எங்களவர்களுக்கு முடிவாகச் சில விவரங்கள். 18 வயதுக்குட்பட்டவர்களும் 65 வயதைக் கடந்தவர்களுமாகிய மாகாணவாசிகள் மீன்பிடிச் சீட்டு வாங்கவேண்டியதில்லை. ஆகவே பேரப்பிள்ளையும் பாட்டனும் செலவில்லாத கோஷ்டி. இடையிலுள்ள பெற்றோருக்கும், பெப்ரவரி மூன்றாம் திங்கட்கிழமையாகிய குடும்ப தினத்தை ஒட்டிய வார இறுதியில், அடையாள அட்டை கையிலிருந்தால் சீட்டு வேண்டாம். விரித்தபோது அடிப்பரப்பு 7 சதுர மீற்றருக்கு மேற்படாத துணிக்கூடாரத்தைப் பதிவுசெய்ய வேண்டியதில்லை. எங்களுடையது 6 சதுர மீற்றருக்குள் அடங்கும். சிம்கோவில் மார்ச் 15ஆந் திகதிக்குப் பின் எந்தக் குடிலும் நிற்கக்கூடாது. முதற் பயணத்துக்குக் கூடாரம் வாங்காதீர்கள். வாடகைக் குடிலில் ஒரு நாள் இருந்து, பிள்ளைக்கு இந்தக் குளிர் சம்மதமா என்று பாருங்கள். சம்மதமானால், கடைக்குப் போகும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். விலை பேசுமுன் அவர்களை உள்ளே இருத்தி, கதவை மூடிவிட்டு, வெளியே சிறிது நேரம் சும்மா நில்லுங்கள்.